காதால் புரூஃப் பார்ப்பது

1991-இல் ஒரு கவிஞர் பஸ் ஏறி வந்து என்னைத் திட்டினார். அப்போது கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்போசிட்டராக இருந்தேன். ஒரு சிறுபத்திரிகை எங்களிடம்தான் அச்சாகும். பக்கத்துக்கு இரண்டு பத்தி. அவருடைய கவிதையில் ஒரு வரி பத்தி அகலத்துக்குள் அடங்காமல் ஒரே ஒரு சொல் வெளியே நின்றது. எடுத்துக் கீழே போட்டுவிட்டேன். மேல்வரியின் மிச்சம் என்று தெரியும்படி உள்ளே தள்ளிப் போட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் இடது ஓரத்திலேயே வைத்துக் கட்டிவிட்டேன். இதழ் கைக்குப் போன மூன்றாம் நாள் ஆள் வாசலில் நின்றார். "என் வரியை ஒடிச்சது யாரு?" முதலாளி என்னைக் கை காட்டினார்.

திட்டிவிட்டுப் போயிருந்தால் மறந்திருப்பேன். அவர் ட்ரெடில் அச்சு மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த வரியைத் தான் எழுதினபடி ஒரு தரம், நான் ஒடித்தபடி ஒரு தரம் வாய்விட்டுப் படித்தார். "வித்தியாசம் தெரியுதா?" என்றார். தெரியுதுங்க என்றேன். பொய். மிஷின் சத்தத்தில் அவர் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. மிஷின் நின்றிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

அந்த வித்தியாசம் காதில் விழ முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. விழவைத்த, கவிதையைக் காதால் கேட்கத் தருகிற இரண்டு இலவச இணையச் சேவைகளைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஒன்று பென்சவுண்ட், இன்னொன்று போயம்டாக். இரண்டும் ஆங்கிலம், இரண்டும் அமெரிக்கா. எனக்கும் அமெரிக்காவுக்கும் சம்பந்தம் கிடையாது. என் ஆங்கிலம் ப்ளஸ் டூவோடு நின்றது.

இப்போது சொந்தமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு. ஒரு ஆங்கில இலக்கிய ஆய்வேட்டுக்கு அடிக்குறிப்பு அடித்துக்கொண்டிருந்தேன். முகவரியில் ஒரு புள்ளி தவறினாலும் வைவா அன்று பிள்ளை மாட்டிக்கொள்ளும் என்பதால் அடிக்குறிப்பில் வரும் இணைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது என் வழக்கம். அப்படி ஒன்றைத் திறந்தேன். பக்கம் எதுவும் வரவில்லை. ஒரு ஆள் பேச ஆரம்பித்துவிட்டார். மூச்சு வாங்குகிற மாதிரி, படியேறி வந்தவர் மாதிரி, ரெண்டு மூன்று சொல்லுக்கு ஒரு தரம் நின்று நின்று பேசினார். அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆஸ்துமாக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆய்வேட்டில் அந்தக் கவிதை இருந்த பக்கத்தைத் தேடி எடுத்து, அதைப் பார்த்தபடி மறுபடியும் போட்டேன். அவர் நின்ற இடமெல்லாம் வரி முடிகிற இடம்.

அது ராபர்ட் கிரீலி, அமெரிக்கக் கவிஞர். 1926-இல் பிறந்து 2005-இல் இறந்தவர். கவிதையின் தலைப்பைத் தமிழில் 'எனக்கு ஒருவனைத் தெரியும்' என்று சொல்லலாம். மொத்தம் பன்னிரண்டு வரி. ஓயாமல் பேசுகிற ஒருவன் கூட இருப்பவனிடம் சொல்கிறான்: நம்மைச் சுற்றி ஒரே இருட்டு, அதுக்கு எதிரா என்ன செய்யலாம், பெரிய காராவது ஒண்ணு வாங்கிடலாமா என்று. போகிற பாதையைப் பாருடா என்கிறான் மற்றவன். இதற்குள் 'ஓட்டு' என்று ஒரு சொல் வருகிறது. அது கார் வாங்கலாமா என்று கேட்டவனின் பேச்சா, பதில் சொன்னவனின் பேச்சா என்பது காற்புள்ளிகளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விளங்காது. 'சொன்னேன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அவர் இரண்டே எழுத்தில், உயிரெழுத்தை விழுங்கிவிட்டு எழுதியிருக்கிறார். ஆய்வேட்டில் நான் அதைப் பிழை என்று நினைத்து முழுச் சொல்லாகத் திருத்தி வைத்திருந்தேன். ஓடிப் போய்ப் பழையபடி மாற்றினேன். ஒரு கவிஞரிடம் இரண்டாம் தடவை திட்டு வாங்குவது தப்பியது.

இனி சேவை விவரம்.

பென்சவுண்ட் என்பது கவிஞர்கள் தங்கள் கவிதையைத் தாங்களே படித்த ஒலிப்பதிவுகளின் கிடங்கு. பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகம் நடத்துகிறது. சார்லஸ் பெர்ன்ஸ்டீன் என்ற கவிஞரும் ஆல் ஃபில்ரைஸ் என்ற பேராசிரியரும் சேர்ந்து 2005-இல் தொடங்கினார்கள். போயம்டாக் அதற்குத் தம்பி மாதிரி. 2007-இல் ஆரம்பித்த பாட்காஸ்ட். ஃபில்ரைஸ் பெரும்பாலும் மூன்று பேரைக் கூப்பிட்டு உட்காரவைப்பார். கிடங்கிலிருந்து ஒரு கவிதையைக் கவிஞர் குரலிலேயே போடுவார்கள். அப்புறம் நாலு பேரும் அந்த ஒரு கவிதையைப் பற்றி அரை மணி, சமயத்தில் ஒரு மணி நேரம்கூடப் பேசுவார்கள். பேசுகிற இடம் கெல்லி ரைட்டர்ஸ் ஹவுஸ் என்று பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இருக்கும் 13 அறை கொண்ட ஒரு பழைய வீடு. 1995 முதல் எழுத்தாளர்கள் வந்து போகிற இடமாக இருக்கிறது. காசு கிடையாது. பேர் கொடுத்துப் பதிந்துகொள்ளவும் வேண்டாம்.

கிடங்கு கட்டுவதற்கு முன்பே, 2003-இல், பெர்ன்ஸ்டீன் ஒரு சின்னக் கொள்கை அறிக்கை எழுதினார். பதிவுகள் இலவசமாக இருக்க வேண்டும், இறக்கிக்கொள்ள முடிய வேண்டும், கோப்புக்கு ஒழுங்கான பெயர் வேண்டும், யார் எப்போது எங்கே படித்தார் என்ற விவரம் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும், தேடினால் அகப்பட வேண்டும் என்றெல்லாம். அச்சுத் தொழிலில் இருப்பவனுக்கு இதெல்லாம் தேனாகக் கேட்கும். அதில் என்னை அப்படியே நிறுத்தியது 'ஒவ்வொரு கவிதையும் தனித்தனிக் கோப்பாக இருக்க வேண்டும்' என்ற விதி. சினிமாப் பாட்டைத் தனியாகக் கேட்கிறோமே, அந்த மாதிரி. ஒரு மணி நேரக் கூட்டத்தை அப்படியே ஏற்றிவிட்டுப் போகக் கூடாது.

இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று தமிழ்க் கவிஞர் ஒருவரின் குரலைத் தேடிப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிடைப்பது இரண்டேகால் மணி நேர விழாக் காணொளி. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை, இன்னொரு பொன்னாடை. நடுவில் எங்கேயோ ஏழெட்டு நிமிஷம் கவிஞர் கவிதை படிப்பார். அப்போது பார்த்து மின்விசிறிக் காற்று மைக்கில் அடித்துக்கொண்டிருக்கும். பின்வரிசையில் டீ கொடுக்க ஆரம்பித்திருப்பார்கள். கவிஞரும் டீ ஆறுவதற்குள் முடிக்க வேண்டும் என்கிற மாதிரி ஒரே மூச்சில் ஓட்டிவிடுவார். நாமும் "நல்லா இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். எது நல்லா இருந்துச்சு, எந்தச் சொல் என்று அவரும் கேட்க மாட்டார்.

போயம்டாக்கில் அந்தக் கேள்விதான் முழு வேலையும். ஃபில்ரைஸ் யாரையும் பொத்தாம்பொதுவாகப் பாராட்டிவிட்டுப் போக விடுவதில்லை. தலைப்பில் தொடங்குவார், ஒரு சொல்லைத் தூக்கி ஒருவரிடம் போடுவார், அவர் சொன்னதை எடுத்து அடுத்தவரிடம் போடுவார். கேலி, சிரிப்பு, குறுக்கே பேசுவது எல்லாம் உண்டு. பட்டிமன்றம் கிடையாது, இரண்டு அணி, ஒரு தீர்ப்பு என்று வராது. முடிவில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஏதாவது ஒரு புத்தகத்தையோ பதிவையோ சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பகுதிக்கு எமிலி டிக்கின்சன் கவிதையிலிருந்து பெயர் எடுத்து வைத்திருக்கிறார்கள்: குறுகிய கைகளை அகல விரித்துச் சொர்க்கத்தை அள்ளுவது என்று அவர் எழுதியிருக்கிறார், அதிலிருந்து. டிக்கின்சன் குரல் கிடங்கில் இல்லை. அவர் 1886-லேயே இறந்துவிட்டார். நம் பாரதி 1921 வரை இருந்தும் குரல் இல்லை, அந்த வயிற்றெரிச்சலை இங்கே கொட்ட வேண்டாம்.

நான் முதலில் கேட்டபோது ஒரு மண்ணும் புரியவில்லை. அமெரிக்கர் நாலு பேர் ஒன்றாகப் பேசினால் நம் காதுக்குக் கரகரவென்று ஒரே இரைச்சல்தான். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். பாட்காஸ்ட் பக்கமே போகாமல் முதலில் கவிதையைத் தாளில் அச்செடுத்துக்கொள்வது. அகராதியை வைத்துக்கொண்டு தெரியாத சொல்லுக்குப் பொருள் எழுதுவது. நானே நாலைந்து தரம் வாய்விட்டுப் படிப்பது. பிறகு பென்சவுண்டில் கவிஞர் குரலை மட்டும் கேட்டு, அவர் நிற்கிற இடங்களில் பென்சிலால் கோடு போடுவது. புரூஃப் திருத்துவது மாதிரியே, கண்ணுக்குப் பதில் காதால். இதெல்லாம் ஆன பிறகு பேச்சை முக்கால் வேகத்தில் வைத்துக் கேட்டால் பாதிக்கு மேல் புரிகிறது. ஏனென்றால் அவர்கள் பேசுவது எந்தச் சொல்லைப் பற்றி என்று அதற்குள் எனக்கே தெரிந்துபோயிருக்கும்.

அடுத்து வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். நியூ ஜெர்சியில் ரூதர்ஃபோர்ட் என்ற ஊரில் டாக்டர். ஏகப்பட்ட பிரசவம் பார்த்தவர், குழந்தைகளுக்கு வைத்தியம் செய்தவர், அதற்கு நடுவிலேயே எழுதிக்கொண்டிருந்தவர். 1963-இல் இறந்தார். சிவப்புத் தள்ளுவண்டி பற்றி அவர் 1923-இல் வெளியிட்ட கவிதை மொத்தமே பதினாறு சொல்தான். அதை எட்டு வரியாக உடைத்திருக்கிறார். ஒரு பெயரை ரெண்டாகப் பிளந்து அடுத்தடுத்த வரியில் வைத்திருக்கிறார். கிரீலியைக் கேட்டுவிட்டு வந்த தெம்பில், இவரும் வரிக்கு வரி நின்று படிப்பார் என்று பென்சிலோடு காத்திருந்தேன். மனிதர் நிற்கவே இல்லை. கொஞ்சம் மெல்லிய குரலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் தகவல் சொல்கிற மாதிரி ஒரே ஓட்டமாகச் சொல்லி முடித்துவிட்டார்.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. வில்லியம்ஸைப் படித்து வளர்ந்தவர் கிரீலி. வில்லியம்ஸ் வரியை எங்கே உடைக்கிறாரோ அங்கே நிற்க வேண்டும் என்று தாளைப் பார்த்துத் தானாகவே எடுத்துக்கொண்டாராம். பின்னால் அவர் குரலைக் கேட்டபோதுதான் அவர் அப்படி நிற்பதில்லை என்று தெரிந்ததாம். கிரீலியே இதைச் சொல்லியிருக்கிறார். தப்பாகப் புரிந்துகொண்டதைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டு, அதையே தன் குரலாக்கிக்கொண்ட மனிதர். இதைத் தெரிந்துகொண்ட அன்று ராத்திரி 1991-இல் வந்தவரை நினைத்துக்கொண்டேன். அவர் வரிக் கடைசியில் நின்று படித்தாரா, நிற்காமல் படித்தாரா? அந்த ட்ரெடிலை மட்டும் யாராவது நிறுத்தியிருக்கலாம்.

சரி, இதைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வது? கவிதை கேட்டால் யாரிடமாவது சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாங்களே ஒரு போயம்டாக் ஆரம்பித்தோம். மொத்தம் மூன்று பேர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எங்களுக்கு அவர் ஐயா. கடையில் ஜெராக்ஸ் பார்க்கிற பெண், பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். அப்புறம் நான். ரெண்டு ஸ்பீக்கர், அதில் ஒன்று கரகரக்கும். ஃப்ளாஸ்கில் டீ.

முதல் ஞாயிறு, போயம்டாக் தன் முதல் நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொண்ட கவிதையையே நாங்களும் எடுத்தோம். வில்லியம்ஸ் எழுதியதுதான். 'சுவர்களுக்கு நடுவே' என்று தலைப்பு. பத்தே வரி. ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடங்களுக்கு இடையில் எதுவும் முளைக்காத இடத்தில் கரிச்சாம்பல் கிடக்கிறது, அதில் ஒரு பச்சை பாட்டிலின் உடைந்த துண்டுகள் மின்னுகின்றன. அவ்வளவுதான் கவிதை. இதில் தலைப்புதான் முதல் வரி. தலைப்பிலிருந்து நேராகக் கவிதைக்குள் இறங்கிவிடுகிறது. என்னிடம் வந்திருந்தால் தலைப்பை 18 பாயின்ட் போல்டில் நடுவே போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்துக் கவிதையைக் கொன்றிருப்பேன்.

"இது கவிதையா தம்பி? இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் மாதிரி இருக்கு," என்றார் ஐயா.

"ஐயா, ஏன் பச்சை?" என்றாள் அவள். "மருந்து பாட்டில்னா பழுப்பால்ல இருக்கும்."

அதில் பிடித்துக்கொண்டது. எதுவுமே முளைக்காத இடத்தில் பச்சையாக இருப்பது கண்ணாடி ஒன்றுதான் என்று சொன்னதும் ஐயாதான். அப்போ அது மருந்து பாட்டில் இல்லை, கூட வந்தவங்க குடிச்சுட்டுப் போட்ட சோடாவோ என்னவோ என்றாள் அவள். உள்ளே ஒருவர் படுத்திருக்க, வெளியே ஒருவர் நிற்க முடியாமல் பின்பக்கம் போய் நின்று குடித்திருக்கிறார். எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகளின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிசில்லை. என் மாமனார் படுத்திருந்த பதினோரு நாளும் நான் அப்படியொரு இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அங்கே எதுவும் மின்னினதாக ஞாபகமில்லை. அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஐயா, "இன்னொரு தரம் போடு," என்றார்.

ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கவியரங்க மேடைகளில் ஏறியவர். அடியை ரெண்டு தரம் சொல்வது எதற்கு என்று அவரைக் கேட்டால், "முதல் தரம் காதுக்கு, ரெண்டாம் தரம் கைக்கு" என்பார். கைதட்டலுக்காம். புதுக்கவிதை அவருக்கு ஆகாது. புதுக்கவிதை முன்னோடி ந. பிச்சமூர்த்தி பிறந்த ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா என்று வம்புக்கு இழுத்தால், பிச்சமூர்த்தியின் கதைகள் நல்ல கதைகள் என்று முடித்துக்கொள்வார். ஆனால் வரி ஒடிப்பதைப் பற்றி அவர் சொன்ன ஒன்றை நான் எந்த பாட்காஸ்டிலும் கேட்கவில்லை.

மரபுக்கவிதையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அடி எங்கே தொடங்குகிறது என்று தெரியும், ஏனென்றால் எதுகை அடியின் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்றார். இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் புது அடி என்று காது சொல்லிவிடும். இங்கிலீஷ்காரனுக்கு அது வாலில் இருக்கிறது, வரி முடியும்போது மணி அடிக்கும். தலையும் வேண்டாம் வாலும் வேண்டாம் என்று வெட்டிப் போட்டுவிட்டால் கேட்கிறவனுக்கு வரி எங்கே என்று எப்படித் தெரியும்? மூச்சு ஒன்றுதான் மிச்சம். அதனால்தான் அந்த ஆள் மூச்சு வாங்குகிறார் என்றார். கிரீலியைத்தான் சொன்னார். ஆஸ்துமா என்று நான் நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

இதுவரை நடந்ததில் எங்களுக்கு நன்றாக அமைந்த ஞாயிறு குவெண்டலின் புரூக்ஸ் கவிதை எடுத்த நாள். அவர் சிகாகோவில் வாழ்ந்த கறுப்பினக் கவிஞர். பள்ளிக்கூடம் போக வேண்டிய நேரத்தில் பில்லியர்ட்ஸ் மாதிரி ஒரு மேஜை விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கும் ஏழு பையன்களின் குரலில் எழுதியது. 1960-இல் வந்த அவர் புத்தகத்தில் இருக்கிறது. இருபத்துநாலு சொல், எட்டு வரி. மூன்று சொல்லுக்கு ஒரு வாக்கியம், ஒவ்வொரு வாக்கியமும் 'நாங்க' என்றுதான் தொடங்கும். ஆனால் முதல் வரி தவிர வேறெங்கும் அந்த 'நாங்க'வை அவர் வரியின் தலையில் வைக்கவில்லை. முந்தின வரியின் கடைசியில் கொண்டுபோய்த் தொங்கவிட்டிருக்கிறார். வரிக்கு வரி ஓரத்தில் ஒரு ஒற்றைச் சொல் ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தால் எந்தக் கம்போசிட்டருக்கும் கை பரபரக்கும். இழுத்துக் கீழே விடத்தான் தோன்றும்.

அவர் குரலில் கேட்க வேண்டும். இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. வாக்கியத்தை அடித்துச் சொல்லிவிட்டு 'நாங்க' வரும்போது மட்டும் குரலைக் கீழே போட்டுவிடுகிறார். கேட்டதா கேட்கவில்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு. அவ்வளவு திமிராகப் பேசுகிற பையன்களுக்குத் தாங்கள் யார் என்று சொல்லும்போது மட்டும் தொண்டை அடைக்கிறது. கடைசி வரியில் அவர்கள் செத்துப்போகிறார்கள். அந்த வரியின் ஓரத்தில் 'நாங்க' கிடையாது.

அவள் உடனே தமிழில் போட்டுப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டாள். தமிழில் 'நாங்க' தனியாக நிற்காதே. 'சுத்துவோம்' என்றால் 'ஓம்' என்பதற்குள்ளேயே நாங்கள் இருக்கிறோம், அதுவும் வரிக் கடைசியில். பாதி வேலை இலவசமாக முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். கடைசி வரிதான் மாட்டியது. 'சீக்கிரம் சாவோம்' என்று போட்டால் செத்த பிறகும் 'ஓம்' நிற்கிறது. அதை வினைச்சொல்லிலிருந்து பிய்த்து எடுக்க முடியாது. வேர்ச்சொல்லை மட்டும் விடலாமா என்று பார்த்தோம், கட்டளை மாதிரி ஆகிவிட்டது. ஐயா வினையாலணையும் பெயர், தொழிற்பெயர் என்று வகுப்பே எடுத்துவிட்டார். டீ தீர்ந்துபோய் ஷட்டரைத் தூக்குகிற நேரத்தில் அவள், "ஐயா, 'சீக்கிரம் சாவு'ன்னு பெயராவே விட்டுட்டா?" என்றாள்.

ஐயா அதைக் கவியரங்கப் பாணியில் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். முன்வரிகளெல்லாம் ஓம், ஓம், ஓம் என்று வந்து, கடைசியில் யாருமே இல்லாத ஒரு 'சாவு'. ரெண்டாம் தரம் அவர் சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. குறை என்பதைவிட ருசி வித்தியாசம் என்று சொல்லலாம். போயம்டாக்கில் வருவது பெரும்பாலும் அமெரிக்கச் சோதனைக் கவிதைகள். கதை, உருக்கம், சந்தம் தேடிப் போகிறவர்கள் ரெண்டாம் நிகழ்ச்சியோடு ஓடிவிடுவார்கள். பேசுகிறவர்கள் எல்லோரும் படித்தவர்கள், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். போகிறபோக்கில் பத்துப் பேர் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள், நாம் அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். சில சமயம் ஒரு சின்னச் சொல்லில் இவ்வளவு இருக்கிறதா, இல்லை இவர்களே கொண்டுவந்து வைக்கிறார்களா என்று தோன்றும். கல்லில் நார் உரிக்கிற வேலை. ஆனாலும் நார் வருகிறதோ இல்லையோ, உரிப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பேச்சின் வேகம் தாங்காதவர்களுக்கு, அதே ஃபில்ரைஸ் நடத்தும் மாட்போ என்ற இணைய வகுப்பு இருக்கிறது. அதுவும் இலவசம், பத்து வாரம். 2012-இல் தொடங்கியபோது முதல் தடவையே 30,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அங்கே ஒரு மேஜையைச் சுற்றி இளைஞர்கள் உட்கார்ந்து ஒரு கவிதையைச் சொல் சொல்லாகப் பிரிப்பதைக் காணொளியாகப் பார்க்கலாம். முகத்தைப் பார்த்துக் கேட்டால் எனக்கு ஆங்கிலம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் புரிகிறது. பாடத்தை முழுசாக முடிக்கவில்லை. கல்யாண சீசன் வந்துவிட்டது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் கிரீலியையும் வில்லியம்ஸையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேளுங்கள், தாளைக் கையில் வைத்துக்கொண்டு. எஸ்ரா பவுண்ட் என்ற அமெரிக்கக் கவிஞர் 1939-இல் ஹார்வர்டில் படித்த பதிவு ஒன்றும் கிடங்கில் இருக்கிறது. போரைப் புகழும் ஒரு பழைய பிரபுவின் குரலில் எழுதிய கவிதையை மேளத்தை அடித்துக்கொண்டே படிக்கிறார். அரசியலில் பவுண்ட் பாசிசத்தின் பக்கம் போன வழி அருவருப்பானது, அது தெரிந்தேதான் கேட்டோம். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஐயா மட்டும், "இது உடுக்கடிப்பாட்டுடா," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு கெர்ட்ரூட் ஸ்டைன். பாரிஸில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர். 1934-35 குளிர்காலத்தில் நியூயார்க்கில் பதிந்தது. பிக்காசோவைச் சொல்லால் வரைந்த படம். சொன்ன சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார். நெப்போலியன் பெயர் வந்துகொண்டே இருக்கிறது. தாளில் படித்தபோது எனக்கு நெற்றிப்பொட்டு வலித்தது. குரலில் கேட்டபோது தவில்காரர் வாயால் சொற்கட்டுச் சொல்கிற மாதிரி இருந்தது, கால் தானாகத் தாளம் போட்டது. ஐயாவுக்கு நேற்றே தாளைக் கொடுத்தனுப்பினேன். படித்துவிட்டு ராத்திரி போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், வரும்போது தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறாராம்.